அக்கா பார்த்த நைஜீரியப் படம்

கையில் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தால் போன் திரை நாம் தொடுவதைக் கண்டுகொள்ளாது. உறையைக் கழற்றினால் முதலாளி அண்ணாச்சி சத்தம் போடுவார். அதனால் அக்கா படத்தை மூக்கால்தான் நிறுத்துவாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே கோழி தானியம் கொத்துவதுபோல் குனிந்து, மூக்கு நுனியால் திரையில் ஒரு தட்டு. படம் நின்றுவிடும். நாங்கள் பதினோரு பேரும் கடலைமிட்டாய் சுற்றுவதை நிறுத்தாமலே காதைக் கொடுப்போம். அக்கா தீர்ப்புச் சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

"மொதல்ல நிறை," என்று ஆரம்பிப்பாள். நிறையைச் சொல்லாமல் குறைக்குப் போகவே மாட்டாள். அதேபோல் நிறையோடு நிறுத்தவும் மாட்டாள்.

கோவில்பட்டி ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவள் அங்கே மூத்த கை. அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதிலும் குறை கண்டுபிடித்துச் சொல்லி அனுப்புவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷன் வேலை பார்க்கும் லாகோஸுக்கே போய்விட்டாள்; நான் சொல்வது அதற்கு முந்தின கதை. போய் இறங்கிய மறுநாளே எனக்குக் குரல் செய்தி வந்தது. "ஏட்டி, இந்த ஊருக்கு நிறை, கடல் பக்கத்துல கெடக்கு. குறை, காரெல்லாம் ஓடுததுக்கு வாங்கல போல, நிப்பாட்டுததுக்குத்தான் வாங்கியிருக்காவ."

கண்ணில் பட்ட எதையும் எடை போடாமல் அவளால் இருக்க முடியாது. ஒருமுறை கழுகுமலையில் ஒரு கல்யாணத்துக்கு ஷெட்டோடு பஸ் ஏறினோம். வண்டி போன வேகத்தில் எல்லோரும் ஒருத்தி மடியில் ஒருத்தி விழுந்து எழுந்தோம். இறங்கியதும் அக்கா நேரே டிரைவரிடம் போனாள். "அண்ணாச்சி, ஒங்க ஓட்டுக்கு நிறை, ஒரு எடத்துலகூட ஆரன் அடிக்கல. குறை, ஒரு எடத்துலகூட பிரேக்கும் அடிக்கல." டிரைவர் முறைத்தார். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். சர்ச்சில் ஆராதனை முடிந்து கை கொடுத்த பாஸ்டரய்யாவிடமே, "பிரசங்கத்துக்கு நிறை, யாரையும் தூங்க விடல. குறை, வீட்டுக்கும் விடல," என்றவள் அவள்.

நான் இதற்கு நேர் எதிர். பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் அழுகின தக்காளியைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துத்தான் திட்டுவேன். எதைக் கேட்டாலும் என் வாயில் வருவது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு."

அக்காவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பொறுக்காது. "நல்லாத்தான் இருக்குன்னா அது தீர்ப்பா? கையெழுத்துப் போடாமப் பரீட்சை பேப்பரக் குடுத்துட்டு ஓடுத மாதிரில்லா இருக்கு. ஒரு குறை சொல்லுட்டி. ஒண்ணே ஒண்ணு."

"எல்லாம் நல்லாத்தாங்க்கா இருக்கு."

"சவத்த மூதி," என்று சொல்லிவிட்டுப் படத்தை ஓடவிடுவாள்.

இந்த நைஜீரியப் படங்கள் எங்கள் ஷெட்டுக்குள் வந்த கதை சின்னதுதான். அப்போது அவள் வீட்டுக்காரர் மட்டும் லாகோஸில் ஒரு பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியில் ஃபிட்டர். "அவிய எந்தத் தெருவுல நடக்காவ, எந்தக் கடையில சோப்பு வாங்குதாவன்னு நான் பாக்கணும்லா," என்று போனில் தேடியிருக்கிறாள். ஊரைத் தேடினால் படம் படமாக வந்து விழுந்தது. தெருவைப் பார்க்கப் போனவள் குடும்பத்துக்குள் புகுந்துவிட்டாள். கொஞ்ச நாளில் ஷெட்டே பின்னால் போனது. மாமியார், மருமகள், சொத்துத் தகராறு, பெரியவனுக்கு ஒரு நியாயம் சின்னவனுக்கு ஒரு நியாயம். முகமும் உடுப்பும்தான் வேறு. எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. "ஜீசஸும் ஆமெனும் தெரிஞ்சா போதும்ட்டி, பாதி வசனம் அதுதான். மீதி அழுகை. அழுகைக்கு எதுக்கு இங்கிலீசு?" என்பாள் அக்கா.

எல்லாப் படத்துக்கும் பொதுவாக அவள் சொல்லும் குறைகள் எங்களுக்கு மனப்பாடம். கார் வந்தால் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதிலிருந்து, கார் உள்ளே வந்து, நின்று, ஆள் இறங்கி, கேட்டைச் சாத்துவதுவரை ஒன்றையும் வெட்டாமல் காட்டுவார்கள். "நான் ஒரு பெட்டி மிட்டாய் கட்டி முடிச்சிட்டேன், அவன் இன்னும் ஹாண்ட் பிரேக் போடல." அப்புறம் சோபா. "இந்தச் சோபா போன படத்துல வில்லி வீட்டுல கெடந்துச்சு. இப்ப நல்லவ வீட்டுல கெடக்கு. எப்படி நம்புததுக்கு?" ஒரு தடவை முதலாளி அண்ணாச்சியே வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "ஆமா, அதே சோபாதான்," என்றுவிட்டு, தான் பேசியது தெரிந்ததும் வேகமாகப் போய்விட்டார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் எனக்கு மட்டும் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. ஓட்டப்பிடாரம் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் என் அண்ணன், என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டார். கேட்டார் என்பதுகூடச் சரியில்லை. அவள் பிறந்த அன்றைக்கே கையில் வளையல் போட்டுவிட்டு, "இது எங்க வீட்டுக்கு வார பிள்ள," என்று சொன்னவர். தாய்மாமன் உரிமை. காது குத்துக்கு மடியில் வைத்தவரும் அவர்தான், சடங்குக்குச் சீர் கொண்டுவந்தவரும் அவர்தான். எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவர் ஒருத்தர்.

ஆனால் அவர் மகன் பள்ளிக்கூடம் படித்த ஏழு வருஷமும் என் வீட்டில்தான் இருந்தான். என் மகளும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே சைக்கிளில் போய், ஒரே நாளில் அம்மை போட்டுப் படுத்தவர்கள். கல்லூரி விடுதியிலிருந்து வந்த என் மகள் சொல்லிவிட்டாள்: "அம்மா, அவன் எனக்கு அண்ணன். அவனும் அப்படித்தான் நெனைக்கான். மாமாட்ட சொல்ல அவனுக்குப் பயம். நீங்கதான் சொல்லணும்."

நான்தான் சொல்ல வேண்டுமாம். அழுகின தக்காளிக்கே வாய் திறக்காதவள். என் வீட்டுக்காரரோ மச்சான் வந்தால் காற்றாடி சுற்றுவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். சொன்னால் அண்ணன் உறவு அறும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டும் காலத்துக்கும் தவிக்கும்.

அந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது.

ஒரு அக்கா, ஒரு தம்பி. அப்பா இல்லாத தம்பியை அந்த அக்கா சந்தையில் கிழங்கு விற்றுப் படிக்க வைக்கிறாள். அவன் பெரிய ஆள் ஆனதும் நிலத்தகராறு. தம்பி பொண்டாட்டி பேச்சைக் கேட்டு அக்காவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறான். இருபது வருஷம் பேச்சு இல்லை. அப்புறம் அக்கா மகனும் தம்பி மகளும் யாரென்று தெரியாமலே பட்டணத்தில் பழகிவிடுகிறார்கள். பையன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போகிறான். கதவு திறக்கிறது. உள்ளே தம்பி.

அக்கா மூக்கால் நிறுத்தினாள்.

"நிறை சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க. அந்த அக்காக்காரி அழுததப் பாத்தீங்களா? மூக்கு ஒழுகுது, தொடைக்கல. அதுதான் அழுகை. அடுத்து, சாப்பாடு. நாம களி முழுங்குத மாதிரியே உருட்டி, கொழம்புல முக்கி, கடிக்காம முழுங்குதாவ. சாப்பிடுத மாதிரி நடிக்கல, சாப்பிடுதாவ. மூணாவது, தம்பிக்காரன முழுக் கெட்டவனா ஆக்கல. அக்கா அனுப்புன கிழங்கத் திருப்பி அனுப்பிட்டு ராத்திரி முழிச்சுக் கெடந்தான் பாருங்க. அந்தச் சீனு ஒண்ணு போதும். இப்ப மாமன் மக கெடச்சாச்சு. கல்யாணத்த வச்சா ரெண்டு குடும்பமும் சேந்துரும். படம் சுபம்."

எல்லோரும் கையுறையோடு கை தட்டினோம். சரசரவென்று ஒரு சத்தம்.

படம் மறுபடி ஓடியது. ஓடினால், அந்த வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள். அம்மாக்காரி மயங்கி விழுகிறாள். பையன் சுவரில் குத்துகிறான். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, "ஹி இஸ் மை பிரதர்! ஹி இஸ் மை பிரதர்!" என்று அலறுகிறாள். பிரதர் என்பது எங்களுக்குத் தெரிந்த சொல்.

"ஏட்டி, பொய் சொல்லுதா! அத்தை மகன்லா அவன்!"

"மொறை சரியாத்தான் இருக்கு. எதுக்கு அழுவுதா?"

"ஒருவேள வேற பொண்ணு பாத்து வச்சிருக்காளோ அம்மாக்காரி?"

கடைசிவரை அழுகைதான். கல்யாணம் நடக்கவில்லை. அக்காவுக்குக் கோபமான கோபம். "குறை! பெரிய குறை! கடைசி முக்கா மணி நேரம் தேவையே இல்ல. ஒரு தாலியில முடியுத கதைய ஒப்பாரி வச்சு இழுத்துட்டான்." அவள் அப்படி ஒரு படத்தைத் தூக்கி எறிந்து நாங்கள் பார்த்ததில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லாகோஸிலிருந்து அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அங்கே அது காலை நேரம். அக்கா ஸ்பீக்கரில் போட்டு முழுக் கதையையும் சொல்லி நியாயம் கேட்டாள். அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

"ஏளா, அந்தப் படத்து ஆளுக மத்தியில மாமன் மகளக் கட்ட மாட்டாவ. அது தங்கச்சி மொறை. இந்த நாட்டுலயே வடக்க கட்டுத ஆளுகளும் உண்டு. ஆனா எங்கூட வேல பாக்குதவன் அந்தக் கூட்டத்து ஆளு. நானும் எம் பொண்டாட்டியும் அத்தை பிள்ள மாமன் பிள்ளன்னு ஒருநா சொல்லிட்டேன். ரெண்டு நா எங்கூட உக்காந்து சாப்பிடல."

ஷெட்டில் சிரிப்பு வெடித்தது பாருங்கள். எண்ணிப் பார்த்தோம். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் அத்தை மகனையோ மாமன் மகனையோ கட்டியவர்கள்.

"அப்பம் எங்க வீட்டுல கெடக்கது எனக்கு அண்ணனா?"

"அண்ணன்னா சீரு செய்யணும்லா. தீவாளிக்குச் சேலை கேளுட்டி!"

"பதினெட்டு வருசமா ஒரு கைக்குட்டை வாங்கித் தரல, இவன் அண்ணனுக்கும் லாயக்கில்ல."

ஒருத்தி சிரித்துச் சிரித்து மிட்டாய்த் தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள். தலையில் போட்டிருந்த தொப்பியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி ஓடிவந்து, "என்ன, என்ன?" என்றார். சொன்னோம். அவரும் மாமன் மகளைக் கட்டியவர். "கோட்டி பிடிச்சுப் போச்சா ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டுப் போனவர், அறைக்குள் தனியாகச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

அக்கா மட்டும் சிரிப்பு அடங்கியதும் எழுந்து நின்றாள். "நேத்துச் சொன்ன குறைய நான் வாபஸ் வாங்குதேன். அவிய ஊரு மொறையத் தெரியாம அவிய அழுகைய எட போட்டுட்டேன். படத்த மறுபடி போடுதேன். எல்லாரும் அவள அவனுக்குத் தங்கச்சின்னு நெனச்சுப் பாருங்க."

மறுபடி பார்த்தோம். அதே படம்தான். ஆனால் அந்தக் கதவு திறந்தபோது ஒருத்தரும் கை தட்டவில்லை. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து பிரதர், பிரதர் என்று அலறியபோது எனக்கு என் மகளின் குரல்தான் கேட்டது. அழுகையை அடக்கப் பார்த்தேன். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினால், கையிலிருந்த மிட்டாய் உறை சரசரத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அக்கா மூக்கால் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு குழாயடியில் தூக்குச்சட்டி கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"ஒங்க அண்ணன்ட்ட சொன்னியா?"

"எப்படிக்கா சொல்ல? வார ஞாயித்துக்கெழம தேதி பாக்க வாராவ."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். முகம் மலர்ந்தது. "ஒன் வாய் சொல்லாதத படம் சொல்லும். ஞாயித்துக்கெழம நான் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் மதினியும் தட்டு நிறையப் பூவும் பழமுமாக வந்தார்கள். உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்து முடித்து நல்ல மழை பெய்திருந்த சமயம். அண்ணன் செருப்பில் கரிசல் மண் அப்பியிருந்தது, மனசில் சந்தோஷம். என் மகள் உள்அறையில். என் வீட்டுக்காரர் காற்றாடிக்குக் கீழே. அக்கா போனும் கையுமாக வந்து, "அண்ணாச்சி, தேதி எங்கயும் ஓடிராது. ஒரு படம் பாப்போம்," என்று டிவியில் இணைத்துவிட்டாள்.

அண்ணனுக்கு முதலில் எரிச்சல். "இது என்ன கூத்து?" என்றார். அப்புறம் ஒரு வயல் வந்தது. "மண்ணு செவப்பால்லா இருக்கு. என்ன வெள்ளாமை?" என்றார். "கெழங்கு, அண்ணாச்சி." "அவ்வளவு பெருசா? மானாவாரியா, தண்ணி பாய்ச்சுதாவளா?" அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். தம்பி அக்காவை வெளியே நிறுத்தியபோது, "நன்றி கெட்ட பய!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். கதவு திறந்து உள்ளே தம்பி நின்றதும் தொடையில் ஓங்கித் தட்டினார். "அப்படிப் போடு! மாமன் மக! முடிஞ்சுது சோலி!"

எங்களுக்கு வந்த அதே சந்தோஷம். அப்புறம் எங்களுக்கு வந்த அதே குழப்பம். அக்கா படத்தை நிறுத்தினாள். கையில் உறை இல்லாத நாளிலும் மூக்கால்தான். மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா பொறுமையாக அந்த ஊர் முறையைச் சொன்னாள். சேர்ந்தாற்போல, "ஒரு பொம்பளப் பிள்ள ஒருத்தன அண்ணனா நெனச்சிட்டா அப்புறம் எப்படி அண்ணாச்சி?" என்றும் போட்டாள்.

அண்ணன் யோசித்தார்.

"கோட்டிக்காரப் பயலுவ," என்றார். "அது அவிய ஊரு. நமக்கு மொறைப்பொண்ணு மொறைப்பொண்ணுதான். சரி, தை மாசம் வச்சுக்கிடுவமா?"

அக்காவின் முகம் ஊசி குத்திய பலூன்போல் ஆனது. டிவியில் அந்தப் பெண் தரையில் வாயைத் திறந்தபடியே உறைந்திருந்தாள்.

"ஏளா, ஒனக்குச் சம்மதந்தான?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

நல்லாத்தான் இருக்குண்ணே என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். விழுங்கிய இடத்தில் வேறு ஒன்று வந்தது.

"அண்ணே, மொதல்ல நிறையச் சொல்லிருதேன். ஒன் மகன் குடிக்க மாட்டான். பொய் சொல்ல மாட்டான். பெரியவங்கள எதுத்துப் பேச மாட்டான். வண்டிய மெதுவா ஓட்டுவான். மீனுக்கு முள் எடுத்துக் குடுத்தாத்தான் சாப்பிடுவான், இருந்தாலும் தட்டக் கழுவி வச்சிருவான். எனக்குக் காய்ச்சல் வந்தா ரசம் வைப்பான்..." குறைக்குப் போகப் பயந்துகொண்டு நிறையை நீட்டிக்கொண்டே போனேன். மதினி சிரித்தேவிட்டாள். "போதும்ட்டி, பெத்த எனக்கே இம்புட்டுத் தெரியாது."

"குறை ஒண்ணே ஒண்ணுதாண்ணே. எம் மகளுக்கு அவன் அண்ணன். அவனுக்கு இவ தங்கச்சி. ஒன்ட்ட சொல்ல ரெண்டு பேருக்கும் பயம். எனக்கும் பயம். அவனும் என் பிள்ளதான், அதனாலதான் சொல்லுதேன். இந்தக் கல்யாணம் வேண்டாம்."

என் வீட்டுக்காரர் முதல்முறையாகக் காற்றாடியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆமா மச்சான்," என்றார். அவர் பங்குக்கு அது ஒரு மேடைப் பேச்சு.

அண்ணன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அக்கா என் முதுகில் கையை வைத்தாள்.

அண்ணன் வாசற்படியிலேயே தெருவைப் பார்த்து நின்றார். அப்புறம், திரும்பாமலே கேட்டார்.

"அந்த அக்காளும் தம்பியும் கடைசியில பேசிக்கிட்டாவளா, இல்லையா?"

அக்கா அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தவள். "பாத்தாத்தான தெரியும், அண்ணாச்சி," என்றாள்.

"போடுங்க, பாப்போம்."

படம் ஓடியது. அண்ணன் செருப்போடு வாசற்படியில் நின்றே பார்த்தார். தம்பிக்காரன் அக்கா வீட்டுக்கு வருகிறான். அவள் ஏதோ சொல்கிறாள். அவன் ஏதோ சொல்கிறான். ஜீசஸும் இல்லை, ஆமெனும் இல்லை. அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் உள்அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ பிள்ள! உள்ள என்ன ஒளிஞ்சுக்கிட்டு இருக்க? இங்கிலீசு படிச்சவதான நீ? இவிய என்ன சொல்லுதாவன்னு வந்து சொல்லு."

என் மகள் வெளியே வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"'ஏன் வாசல்லயே நிக்கே, உள்ள வந்து உக்காரு'ன்னு சொல்லுதாவ, மாமா."

அண்ணன் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேரே உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செருப்போடயா?" என்றாள் மதினி.

அவர் செருப்பைக் கழற்றி வாசலைப் பார்த்து எறிந்தார். ஒன்று தெருவில் போய் விழுந்தது. "அது கெடக்கட்டும். அடுத்து அவன் என்ன சொல்லுதான், பிள்ள?"